துப்பாக்கிச் சட்டமும் இரண்டு தமிழர்களும்

பெம்பான், ஜாசின் வட்டாரங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்த நம் மக்கள் கையில் பிடித்த ஆயுதமெல்லாம் மரம் சீவும் கத்தி ஒன்றேயாம். துப்பாக்கி என்பது துரையிடமும் போலீஸ்காரரிடமும் இருக்கும் பொருள். ஆயினும், அத்துப்பாக்கியைப் பற்றிய சட்டம் ஒரு காலத்தில் தமிழ்த் தொழிலாளியின் கழுத்துக்கே கயிறாக வந்தது. அவ்வரலாற்றை நம்மவர் அறிந்திருத்தல் அவசியமன்றோ?

1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாட்களுக்குள் மலாயாக் கூட்டரசு முழுவதும் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் வந்த விதிகளின்படி, உரிய அதிகாரமின்றித் துப்பாக்கி கொண்டு செல்வோனுக்கு மரணமே தண்டனை. அது வெடித்ததா, எவரையேனும் காயப்படுத்தியதா என்ற கேள்விக்கே இடமில்லை. இடுப்பில் இருந்தால் போதும், உயிர் போகும். அச்சத்திற் பிறந்த சட்டம் அளவறியாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

தஞ்சை ஜில்லா தம்பிக்கோட்டையில் பிறந்து, மலாயாவில் வளர்ந்து, இந்திய தேசிய இராணுவத்திலும் பணியாற்றியவர் எஸ். ஏ. கணபதி. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தார். 1949 மார்ச் முதல் நாள், ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்று ரவாங் பக்கத்தில் பிடிபட்டார். மார்ச் 15இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. இந்திய அரசு அவருக்காகக் கருணை வேண்டியது, பயனில்லை. மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். பிடிபட்டது முதல் உயிர் பிரியும் வரை சென்றவை 64 நாட்களே!

அதே சட்டத்தின்கீழ் ஜொகூரில் குற்றஞ்சாட்டப்பட்ட மற்றொரு தமிழர் சம்பசிவம். துப்பாக்கி கொண்டு சென்றது ஒன்று, தோட்டா வைத்திருந்தது மற்றொன்று என அவர்மீது இரு குற்றங்கள். முதல் விசாரணையில் தோட்டாக் குற்றத்தினின்று விடுதலை கிடைத்தது. துப்பாக்கிக் குற்றத்துக்கு மட்டும் மறு விசாரணை உத்தரவாயிற்று. மறு விசாரணையிலோ, துப்பாக்கியையும் தோட்டாவையும் சேர்த்து அவர் ஒப்புக்கொண்டதாகக் கூறும் வாக்குமூலம் ஒன்று சான்றாகக் காட்டப்பட்டது. தோட்டாவைப் பொறுத்தவரை அவர் குற்றமற்றவர் என்று முன்பே தீர்ப்பாகிவிட்டது என்பதை, நீதிபதிக்கு அபிப்பிராயம் கூற அமர்ந்திருந்த அசெசர்களுக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை. மரண தண்டனை விழுந்தது.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. ஒரு முறை விடுதலை செய்த தீர்ப்பு, பின்வரும் விசாரணைகளையும் கட்டுப்படுத்தும் என்று 1950ஆம் ஆண்டு அம்மன்றம் கூறித் தண்டனையை நீக்கியது. அத்தீர்ப்பு பின்னர் பல நாட்டு நீதிமன்றங்களில் எடுத்தாளப்பட்டது. சாதாரணத் தமிழர் ஒருவரின் பெயர் சட்ட நூல்களில் இவ்வாறு நிலைத்தது.

சட்டம் ஒன்றே, முடிவுகள் இரண்டு. ஒருவர் வழக்கில் அவசரம் முந்தியது. மற்றவர் வழக்கில் ஆராய்ச்சி முந்தியது.

1960இல் அவசரகாலம் முடிந்தும் அக்கடுமை மறையவில்லை. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தொடர்ந்தது. 1977இல் துப்பாக்கி வைத்திருந்ததற்காக 14 வயதுச் சிறுவனுக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அரச மன்னிப்பே அவனைக் காத்தது. அச்சட்டம் 2012இல் நீங்கியது. ஆயுதக் கடத்தலுக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருந்த மரண தண்டனையும் 2023இல் நீக்கப்பட்டு, 30 முதல் 40 ஆண்டு வரை சிறை என்றாயிற்று.

ஆயுதக் கடத்தலை அடக்க வேண்டாமென்று அறிவுடையார் எவரும் கூறார். கள்ளத் துப்பாக்கி முதலில் பாய்வது ஏழையின் மீதே. ஆனால் யார், ஏன், எவ்வாறு என்று கேளாத சட்டம் கொலைஞனையும் அப்பாவியையும் ஒரே கயிற்றில் கட்டும். வழக்கென்று வந்தால் விதியை நொந்து வாய்மூடி நில்லாமல், வழக்கறிஞரை நாடி, மேல் மன்றம் வரை நியாயம் கேட்கும் துணிவு நம் மக்களுக்கு வேண்டும். சம்பசிவத்தைக் காத்தது கோயில் நேர்த்தியன்று; கடைசி மன்றம் வரை சென்ற வழக்கே.