முந்தானையும் கிட்டார் பெல்ட்டும்

வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் வாசிக்கும் பாஸ் கிட்டாரின் பெல்ட் இடத்தோளில் ஏறி, முதுகின் குறுக்கே வலப்பக்கமாக இறங்கும். சேலையின் முந்தானையும் அதே இடத்தோளில்தான் விழுகிறது. ஏறக்குறைய நாலு கிலோ எடையுள்ள மரக்கட்டை அந்தத் தோளில் தொங்கும்போது முந்தானை நசுங்கும், இழுபடும், ஊக்கு துணியைக் கிழித்துக்கொண்டு வரும். ஆண்கள் கூடினால் ஃபெண்டரா இபனேஸா, நாலு தந்தியா ஐந்து தந்தியா என்று பேச்சு ஓடும். எங்களுக்கும் அந்தப் பேச்சு உண்டு. ஆனால் இரணியல், நெய்யூர், தக்கலைப் பக்கத்துச் சபைகளில் பாஸ் வாசிக்கும் பெண்கள் மூன்று பேர் சேர்ந்தால், முதலில் வருவது முந்தானை. ஊக்கை பெல்ட்டுக்கு மேலே குத்துவதா, கீழே குத்துவதா? ஜெபம் தொடங்கியதும் முக்காடு போடவேண்டும்; அந்த நேரத்தில்தான் பாஸ் மெல்லப் பின்னணியில் ஓடிக்கொண்டும் இருக்கவேண்டும். இரண்டு கையும் தந்தியில் இருக்கும்போது நழுவுகிற முக்காட்டை யார் பிடிப்பது?

இது சின்ன விஷயம் என்று தோன்றலாம். இந்த ஊரில் பெண்ணின் தோளில் எது கிடக்கலாம் என்பது ஒருகாலத்தில் அரசாணையில் எழுதப்பட்ட விஷயம்.

இரணியல் என்றால் பழைய வேணாட்டு அரண்மனையையும் கைத்தறியையும் சொல்வார்கள். தோள்சீலைக் கலகத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். திருவிதாங்கூரில் நாடார் பெண்களும் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்ட சாதிகளின் பெண்களும் மேல்சாதியார் முன் மார்பை மூடக்கூடாது என்பது வழக்கமாக இருந்தது. 1810களில் கிறிஸ்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று அனுமதி வந்தது. அவர்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை, மேல்சாதிப் பெண்களைப்போலத் தோளின்மீது சீலையையும் போட்டார்கள். 1820களில் கல்குளம், இரணியல் பகுதிகளில் சந்தையிலும் வழியிலும் அந்தச் சீலை பிடித்திழுக்கப்பட்டது, பள்ளிகளும் ஜெபவீடுகளும் எரிக்கப்பட்டன. 1829இல் வந்த அரச அறிவிப்பு தோள்சீலை கூடாது என்றது. மறுபடி 1858, 59இல் கலவரம். 1859 ஜூலை 26 அன்று வந்த அறிவிப்பை வெற்றி என்று எங்கள் பாடப்புத்தகங்கள் சொல்லும். அதன் வாசகத்தைக் கவனித்துப் படித்தால் வேறொன்றும் தெரியும். குப்பாயம் அணியலாம், முரட்டுத் துணியால் மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணிகிற பாணியில் அணியக்கூடாது. உடம்பை மூட அனுமதி கிடைத்தது. தோளில் போடும் விதத்துக்கு அப்போதும் தடைதான்.

வீடு எரிந்ததையும் ஊக்கு கிழிந்ததையும் ஒரே தட்டில் வைக்க நான் முயலவில்லை. அந்தப் போராட்டத்தில் ஊழியமும் வரியும் நிலமும் இருந்தன. ஆனால் பெண்ணின் தோளைப் பார்த்துக்கொண்டே இருக்கிற ஒரு கண் இந்த மண்ணில் பழையது. சபைக் கூட்டத்தில், “பெம்பிளப் பிள்ள நெஞ்சுக்குக் குறுக்க பெல்ட்டப் போட்டுட்டு நிக்கது பாக்க நல்லாவா இருக்கு?” என்று ஒரு பெரியவர் கேட்டால், அதை அந்த வயதின் தனிக்குணமாக மட்டும் என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. சீலைக்காக அடிவாங்கிய பெண்களின் வாரிசுகள் கூடும் இடத்தில், அந்தச் சீலையே இப்போது பெல்ட்டுக்கு எதிரான சாட்சியாக நிறுத்தப்படுகிறது.

பாஸ் கிட்டார் எங்கள் பக்கம் பெரும்பாலும் சபை வழியாகத்தான் பெண்களின் கைக்கு வந்தது. இரணியல் ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கும் நெய்யூரில் 1828இல் லண்டன் மிஷன் நிலையம் தொடங்கியது. அதற்கு முன்பே, 1819இல், நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி வந்துவிட்டது. எழுத்து, ஊசிவேலை, லேஸ் பின்னல், பாட்டு எல்லாம் அதில் உண்டு. பிறகு வந்த நாலு குரல் பாடகர் குழுவில் பெண்களின் இடம் முடிவாகிவிட்டது. பெண்களுக்கு சோப்ரானோ, ஆல்டோ. ஆண்களுக்கு டெனர், பாஸ். குரலுக்கு இது இயற்கைதான். தொண்டையின் எல்லை கைவிரலின் எல்லையாகவும் ஆனதுதான் சிக்கல். கீழ்ச்சுரம் ஆண்களின் வரிசை என்று ஐந்து வயதிலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளை, பாஸ் கிட்டாரைக் கண்டதும் அதுவும் அந்த வரிசையைச் சேர்ந்தது என்றுதான் நினைக்கும்.

ஓர் இடைச்செருகல். எங்கள் பாடகர் குழுவின் மூத்தவர்கள் டோ, ரே, மீ எழுத்துகளால் எழுதிய டோனிக் சோல்ஃபா தாளைப் பார்த்துப் பாடுவார்கள். பாஸ் வரி எப்போதும் கடைசியில் இருக்கும். அந்த முறையின் பெயரோடு ஜான் கர்வென் என்ற பாதிரியாரைத்தான் சேர்த்துச் சொல்வது வழக்கம். அவருக்கு முன்னால் இங்கிலாந்தின் நாரிச் நகரில், சாதாரண மக்கள் சபையில் சுரம் பார்த்துப் பாடுவதற்காக அந்த எழுத்து முறையை உருவாக்கியவர் சாரா குளோவர் என்ற ஆசிரியை. 1835இல் புத்தகமாகவும் வெளியிட்டார். கர்வென் அதை எடுத்து, மாற்றி, உலகம் முழுக்கக் கொண்டுபோனார். ஆண்களின் பாஸ் வரி எழுதப்பட்ட அந்தத் தாளே ஒரு பெண்ணின் வேலையில் இருந்து வந்தது என்று எங்கள் குழுவில் சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

“கை எட்டாது” என்பது எங்களிடம் சொல்லப்படும் அடுத்த காரணம். கை எட்டாதது எந்தக் கருவிக்கு என்று கேட்கவேண்டும். 1930களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர், ஆளுயர டபுள் பாஸைத் தூக்கிச் சுமக்க முடியாமல் தவிக்கிறார்களே என்று, கிட்டாரைப்போல மடியில் பிடிக்கும் மின்சார பாஸ் ஒன்றைச் செய்தார். ஆடியோவாக்ஸ் 736 என்று பெயர். தந்தியின் அதிரும் நீளம் சுமார் 30 அங்குலம். அவருடைய குழுவில் அதை மேடையில் வாசித்தவர் அவர் மனைவி லொரெய்ன். லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பாஸ் 1951இல்தான் வந்தது. அதன் நீளம் 34 அங்குலம். அதுதான் சந்தையைப் பிடித்தது, அதுவே ‘முழு அளவு’ ஆனது, 30 அங்குலம் ‘குட்டை’ ஆனது. பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி வாசித்த ஹாஃப்னர் பாஸும் 30 அங்குலம்தான். அவரிடம் யாரும் கை எட்டவில்லையா என்று கேட்டிருக்கமாட்டார்கள்.

எங்களுக்குள் இதில் ஒத்த கருத்து கிடையாது. தக்கலைக்காரி ஒருத்தி குட்டை பாஸ்தான் வேண்டும் என்பாள். முதல் கட்டத்தில் நாலு விரலும் இழுக்காமல் நிற்கும், மணிக்கட்டு வலிக்காது, எடையும் குறைவு. என் கட்சி 34. குட்டை பாஸில் கீழ் ஈ தந்தி தொளதொளக்கும், சுரம் கலங்கும். கை எட்டாத இடத்தில் கையை நகர்த்தினால் போதும். டபுள் பாஸ் வாசிப்பவர்கள் ஆணானாலும் அப்படித்தான் செய்கிறார்கள். பெல்ட் விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே குரல். மூன்று விரல் அகலமாவது இருக்கவேண்டும், உட்புறம் வழுக்காத தோலாக இருக்கவேண்டும். கடையில் கிட்டாரோடு இனாமாகத் தரும் நைலான் பட்டையைத் தூக்கி எறிந்துவிடலாம். தந்தி விலை எட்டாதபோது பழைய தந்தியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்து, துடைத்து, மறுபடி பூட்டுவது எல்லா ஊர் பாஸ் வாசிப்பாளர்களும் செய்வதுதான். எங்கள் பக்கத்து உப்புக்காற்றில் அது இரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது. அதற்குத் தனிப் பாத்திரம் வைத்துக்கொள்ளவேண்டும் என்று அம்மாக்களிடம் ஏச்சு வாங்கித்தான் கற்றோம்.

கை, பலம் என்ற வாதங்களுக்கு கேரல் கே ஒருவரே போதும். கிட்டார் வாசித்துப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தவர். 1963இல் ஒரு ஒலிப்பதிவுக்கு பாஸ் வாசிப்பவர் வராமல் போகவே, அவர் இடத்தில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸின் ஒலிப்பதிவுக் கூடங்களில் மிக அதிகம் அழைக்கப்பட்ட பாஸ் வாசிப்பாளர்களில் ஒருவர் ஆனார். பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966) தொகுப்பில் அவர் வாசிப்பு இருக்கிறது. 34 அங்குல ஃபெண்டர்தான், தந்திகளின்மேல் ஒரு கம்பளித் துண்டை வைத்து ஒலியை அடக்கி, பிளெக்ட்ரத்தால் மீட்டினார். இசைத்தட்டு உறைகளில் அக்காலத்தில் அவரைப் போன்றவர்களின் பெயர் வராது. ஆகவே கேட்டவர்கள் எல்லோரும் அதை ஓர் ஆண் வாசித்தான் என்றே நினைத்துக்கொள்ள முடிந்தது. 2025இல், 90 வயதில், ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைத் தேர்ந்தெடுத்தபோது வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

இங்கே பாஸ் கேட்காமலே போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு, மைக்செட். பாஸ் கிட்டாரின் ஆகக் கீழான ஈ நொடிக்குச் சுமார் 41 அதிர்வு. பனையில் கட்டித் தொங்கவிட்ட குழாய் ஸ்பீக்கரால் அந்த ஒலியை எழுப்பவே முடியாது. பிரசங்கமும் பாட்டும் மட்டும் ஊருக்குக் கேட்கும். மேடையில் வாசித்தவனுக்குத் தவிர யாருக்கும் பாஸ் என்றால் என்னவென்று தெரியாத காலம் அது. கேசட்டும் பெட்டி ஸ்பீக்கரும் வந்தபிறகுதான் ஊர் அதைக் கேட்டது. 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜா, பின்னால் வந்த படங்களில் பாஸுக்குத் தனி மெட்டே கொடுத்தார். சசிதரன் வாசித்த அந்த வரிகளையும், பிறகு ரஹ்மானிடம் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டுத்தான் இங்குள்ள பையன்கள் கற்றார்கள். எங்கே கேட்டார்கள்? டீக்கடையில், கேசட் பதிவு செய்யும் கடையில், இரவு நண்பன் வீட்டு மாடியில். அந்த மூன்று இடத்திலும் எங்களுக்கு நிற்க இடம் இல்லை. பெண்களுக்குக் காது இல்லை என்று யாரும் சொல்லவில்லை. காதைக் கொண்டுபோக இடம் இல்லை. மும்பையில் 1996இல் பிறந்த மோகினி டே இன்று ஸ்டீவ் வாய் போன்றவர்களோடு வாசிக்கிறார். அவருடைய அப்பாவே பாஸ் வாசிப்பவர், மூன்று வயதில் வீட்டுக்குள்ளேயே கற்றார். திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கருவியும் ஆசிரியரும் ஒரே கூரைக்குள் இருந்ததை நான் கவனிக்காமல் இருக்க முடியாது.

பெண் மேடையேறுவதே நாஞ்சில் நாட்டுக்குப் புதிது என்று பேசுகிறவர்கள் வில்லுப்பாட்டை மறந்துவிடுகிறார்கள். கோயில் கொடைகளில் விடிய விடிய வில்லின் நடுவில் அமர்ந்து, வீசுகோலால் அடித்து, கதையை நடத்திய பெண்கள் இங்கு இருந்தார்கள். 2018இல் 84 வயதில் மறைந்த பூங்கனி அவர்களில் பெயர் பெற்றவர். பத்து வயதை ஒட்டிய பருவத்திலேயே மேடைக்கு வந்தார். வில்லோடு சேர்த்துக் கட்டியிருக்கும் மண்குடத்தின் வாயில் மட்டையால் அடிக்கும்போது எழும் ‘கும்’ ஒலிதான் அந்தக் குழுவின் பாஸ். பாட்டின் நடை அதில்தான் நிற்கும். பூங்கனியின் கணவர் ஒரு குடக் கலைஞர். பெண் கதை நடத்த, ஆண் அடியில் தாங்கிய அமைப்பு அது. பெண்ணுக்குப் பின்னால் நிற்க ஆணுக்கு எந்தக் கூச்சமும் இருந்ததாகத் தெரியவில்லை. குடத்தைப் பெண்ணிடம் கொடுக்கத்தான் மனம் வரவில்லைபோல. முன்னால் இருப்பதா பின்னால் இருப்பதா என்பதில் சிக்கல் இல்லை என்று இதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பட்டது. தாளத்தை யார் பிடித்திருக்கிறார்களோ அவர் நிறுத்தினால் பாட்டு நின்றுவிடும். பாடகியின் குரல் ஒரு வரி தவறினால் பாஸ் கூட்டிக்கொண்டு போய்விடும். பாஸ் தவறினால் எல்லோருக்கும் கால் தடுக்கும். அந்தப் பிடியைத்தான் கொடுக்க யோசிக்கிறார்கள்.

குழு வாழ்க்கை பற்றிச் சொல்ல நிறைய இல்லை, சொல்வதற்கு அலுப்பாகவும் இருக்கிறது. கன்வென்ஷன் பத்து மணிக்கு முடியும், கடலோரத் திருவிழா மேடை என்றால் ஒரு மணி ஆகும். ஆண்கள் பைக்கில் போய்விடுவார்கள். எங்களுக்கு அண்ணனோ அப்பாவோ வந்து காத்திருக்கவேண்டும், அல்லது அடுத்த முறை அழைப்பு வராது. மேடைக்குப் பின்னால் கழிப்பறை இருக்காது. மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வாசிப்போம். நோட்டீஸில் டிரம்மர் பெயர் பெயராகவும், நம் பெயர் ‘பெண் பாஸ் கிட்டாரிஸ்ட்’ என்றும் வரும். சம்பளக் கவரை ஒருமுறை என்னிடம் தராமல், வெளியே நின்ற என் தம்பி கையில் கொடுத்தார்கள். அவன் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு வாசிப்பவர்கள் எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர்தான். ஒருத்தி மாமியார் வீட்டுக்குக் கிட்டாரைக் கொண்டுபோகவில்லை, சபையிலேயே வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாசிக்கிறாள். இன்னொருத்தி, குழந்தைக்குப் பால் கொடுத்த மாதங்களில் பெல்ட் போட முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தாள். உட்கார்ந்தால் முந்தானை இழுபடவில்லை, முக்காடும் நிற்கிறது என்று கண்டுகொண்டு, இப்போதும் அப்படியே வாசிக்கிறாள். உட்கார்ந்து வாசிப்பது ஆராதனைக்கு மரியாதை இல்லை என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அவள் பதில் சொல்லவில்லை. ஸ்டூலுக்கு ஒரு மெத்தை தைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.