சந்தா கட்டிய தோட்டங்கள்

பெங்களூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு வருஷத்தில் இரண்டு தடவை ஊரிலிருந்து விருந்தாளிகள் வருவது நிச்சயம். ஒன்று சுதந்திர தினத்துக்கு, இன்னொன்று குடியரசு தினத்துக்கு. லீவு ஒரு காரணம், லால்பாக் மலர்க் கண்காட்சி இன்னொரு காரணம். அத்தை, சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள் என்று ஒரு படையே வந்து இறங்கும். நாமும் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி, கண்ணாடி மாளிகைக்குள் பூவால் கட்டிய ஏதோ ஒரு கட்டடத்தை ஆயிரம் தலைகளுக்கு மேலே எக்கிப் பார்த்துவிட்டு வெளியே வருவோம். பிறகு மாவள்ளி எம்.டி.ஆர். வாசலில் அடுத்த வரிசை.

இந்தக் கண்காட்சியை அரசாங்கம் மட்டும் நடத்துவதில்லை என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். கர்நாடகத் தோட்டக்கலைத் துறையின் பெயரோடு இன்னொரு பெயரும் இருக்கும்: மைசூர் தோட்டக்கலைச் சங்கம். 1912-ல் தொடங்கியது. சந்தா கட்டும் உறுப்பினர்களைக் கொண்ட, செடி வளர்ப்பவர்களின் சங்கம். அதற்கு முன்னால் இதே லால்பாக்கில் இன்னொரு சங்கம் இருந்தது. அது ஆறே வருஷத்தில் படுத்துவிட்டது. எனக்குச் சுவாரஸ்யம் அந்தப் படுத்துப்போன சங்கத்தில்தான்.

கொஞ்சம் பின்னால் போகலாம்.

இந்தியாவில் தோட்டச் சங்கம் என்ற ஏற்பாட்டைத் தொடங்கிவைத்தவர் பாதிரியார் வில்லியம் கேரி. பைபிளை வங்காளத்தில் மொழிபெயர்த்த அதே கேரி. 1820-ல் கல்கத்தாவில் விவசாய–தோட்டக்கலைச் சங்கத்தை ஆரம்பித்தார். உறுப்பினர்கள் சந்தா கட்டவேண்டும், சங்கம் வெளிநாட்டிலிருந்து விதை வரவழைத்துக் கொடுக்கும், கண்காட்சி நடத்திப் பரிசு தரும். நல்ல காய்கறி கொண்டுவரும் மாலிகளுக்கு ரொக்கப் பரிசும் உண்டு. மாலி என்றால் தோட்டக்காரர். துரை வீட்டுத் தோட்டத்தில் முட்டைக்கோசை விளைவிப்பவர் அவர்தானே! பரிசையும் அவரிடமே கொடுத்தார்கள். அந்த வகையில் கேரியின் சங்கத்துக்கு ஒரு சபாஷ் போடலாம்.

கல்கத்தாவைப் பார்த்து மற்ற ஊர்களும் கிளம்பின. 1835-ல் சென்னையில் ஒரு சங்கம். அதைத் தொடங்கியவர் தாவரவியலாளர் ராபர்ட் வைட். அடுத்த வருஷமே பெங்களூர். இங்கே தொடங்கியவர் வில்லியம் மன்றோ. சென்னையில் சேணம் இல்லாத குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அந்த மன்றோ இல்லை. அவர் தாமஸ். இவர் 39-வது படைப்பிரிவில் இருந்த சின்ன அதிகாரி. 1818-ல் பிறந்தவர் என்பதால் சங்கம் தொடங்கியபோது வயது பதினெட்டுதான் இருக்கும். நம்மில் பலர் அந்த வயதில் ஹாஸ்டல் மெஸ் கமிட்டியில்கூட இருந்ததில்லை.

லால்பாக் அப்போது யார் கையிலும் சரியாக இல்லை. 1760-ல் ஹைதர் அலி போட்ட தோட்டம் அது. திப்பு பல தேசங்களிலிருந்து செடியும் விதையும் தருவித்து அதை வளர்த்தார். 1799-ல் திப்பு விழுந்த பிறகு அது ஒரு ஆங்கிலேய அதிகாரியிடம் போய், அவரிடமிருந்து கம்பெனிக்குப் போய், கொஞ்ச காலம் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் மேற்பார்வையிலும் இருந்தது. பெங்களூரில் இருக்கும் தோட்டத்துக்குக் கல்கத்தாவிலிருந்து மேற்பார்வை! இன்றைக்கு ஹெட் ஆபீஸ் வேறு நாட்டில் இருக்கும் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இதன் லட்சணம் புரியும்.

1836-ல் கமிஷனர் மார்க் கப்பன் தோட்டத்தை மன்றோவின் சங்கத்திடம் ஒப்படைத்தார். கப்பன் பார்க் பெயருக்குச் சொந்தக்காரர் இவர்தான். மன்றோவும் சும்மா இருக்கவில்லை. 1837-ல் பெங்களூர்ச் செடிகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்தார், பெயர் 'ஹார்ட்டஸ் பெங்களூரென்சிஸ்'. 1842-ல் சங்கம் கலைக்கப்பட்டது. தோட்டம் திரும்பவும் அரசாங்கத்திடம் போனது.

1843 டிசம்பரில் மன்றோ எங்கே இருந்தார் தெரியுமா? குவாலியர் பக்கத்தில் மகராஜ்பூர்ப் போர்க்களத்தில், பலத்த காயத்தோடு. 1844-ல் அவருடைய அடுத்த பட்டியல் வெளிவந்தது. இந்தத் தடவை ஆக்ராவின் செடிகள், 'ஹார்ட்டஸ் அக்ரென்சிஸ்'. போஸ்டிங் போட்ட ஊரிலெல்லாம் ஒரு செடிப் பட்டியல்! பின்னாளில் ஜெனரல் ஆனார், மூங்கில் இனங்களைப் பற்றி 1868-ல் ஒரு பெரிய ஆய்வு எழுதினார். மனுஷன் கெட்டிக்காரர், சந்தேகமே இல்லை. ஆனால் படை உத்தரவு வந்தால் மூட்டை கட்டவேண்டியவர். அவரோடு சங்கத்தில் இருந்த வெள்ளை அதிகாரிகளில் பலரும் அந்த ரகம்தான். ஒரு மாமரம் காய்க்க ஐந்து வருஷமாவது வேண்டும். அதற்குள் சந்தா கட்டியவருக்கு டிரான்ஸ்பர் வந்துவிடும்.

ஊட்டியிலும் இதே கதை. 1847-ல் அங்கிருந்த ஐரோப்பியர்கள் ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு தோட்டம் ஆரம்பித்தார்கள். நோக்கம் ரொம்ப உயர்ந்ததெல்லாம் இல்லை, காய்கறி நியாய விலைக்குக் கிடைக்கவேண்டும், அவ்வளவுதான். அது ஓடவில்லை. பிறகு அதைப் பொதுத் தோட்டமாக மாற்றி, 1848-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து மெக்ஐவர் என்பவரை வரவழைத்தார்கள். நாம் கோடையில் போய் போட்டோ எடுத்துக்கொள்ளும் ஊட்டி தாவரவியல் பூங்கா இப்படிக் காய்கறிச் சந்தாவில் முளைத்ததுதான். எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்தின் மெயின்டெனன்ஸ் பாக்கிப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் அந்த 3 ரூபாய்தான் ஞாபகத்துக்கு வருகிறது. சொந்தமாகக் காய் கிடைக்கும்வரை கட்டுவோம், பொதுப் புல்வெளிக்கு என்றால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்போம். இது வெள்ளைக்காரன் குணம் மட்டும் இல்லை :-)

சரி, லால்பாக்கை யார் மீட்டது? இங்கேதான் சென்னை உள்ளே வருகிறது.

ஹ்யூ கிளெக்ஹார்ன் என்ற டாக்டர் பிறந்ததே சென்னையில். வைட் தொடங்கிய சென்னைச் சங்கத்தின் செயலாளராக இருந்து, 1853-ல் அந்தச் சங்கத் தோட்டத்துச் செடிகளுக்குப் பட்டியல் போட்டவர். சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலரும் அவரே. லால்பாக்கைப் பார்த்த கிளெக்ஹார்ன், இது அரசுத் தோட்டமாக இருக்கவேண்டும், தொழில் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்கவேண்டும் என்று யோசனை சொன்னார். 1856-ல் அது அரசுத் தாவரவியல் தோட்டம் ஆனது. 1858-ல் கியூவிலிருந்து வில்லியம் நியூ வந்தார். ஒரு தோட்டச் சங்கத்தின் செயலாளரே, சங்கத்தை நம்பாமல் சம்பள ஆளைப் போடச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். உள்ளே இருந்து பார்த்தவருக்குத்தானே தெரியும்!

நியூவுக்குப் பிறகு 1874-ல் ஜான் கேமரூன். அவர் காலத்தில்தான், 1889-ல், கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டினார்கள். லண்டன் கிரிஸ்டல் பேலஸைப் பார்த்துச் செய்தது, வார்ப்பிரும்பு கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தது. கேமரூன் பெயரை நம் வீட்டுச் சமையலறையிலும் சொல்லலாம். சௌசௌ என்று கூட்டு வைக்கிறோமே, பெங்களூர் கத்தரிக்காய், அது மெக்சிகோ பக்கத்துக் காய். இந்தப் பகுதியில் அதைப் பரப்பிய பெருமை கேமரூனின் லால்பாக்குக்குத்தான். காய்க்குப் பெங்களூர் என்று பெயர் வைத்துக் கூப்பிட்டது நாம்.

1908-ல் வந்தவர் கிரும்பிகல் என்ற ஜெர்மானியர். பெங்களூர்த் தெருக்களில் ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் இன்னொன்று பூக்கிறது என்றால் அதில் அவர் கை உண்டு. 1912-ல் புதிய சங்கம் அவர் முயற்சியில் உருவானது. முதல் சங்கத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். அந்தச் சங்கத்துக்கு ஒரு தோட்டத்தையே கொடுத்துப் பராமரிக்கச் சொன்னார்கள். இந்தச் சங்கத்துக்குத் தோட்டம் இல்லை, தோட்டத்தை அரசு பார்த்துக்கொண்டது. சங்கத்தின் வேலை கண்காட்சி, போட்டி, பயிற்சி.

போட்டி என்றால் நாம் கண்ணாடி மாளிகையில் பார்ப்பது மட்டும் இல்லை. கண்காட்சிக்கு முன்பே நடுவர்கள் ஊரைச் சுற்றி வருவார்கள். வீட்டுத் தோட்டம், ஆலைத் தோட்டம், அலுவலகத் தோட்டம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து எத்தனையோ குடும்பங்களைப் பெங்களூருக்கு இழுத்தவை இங்கத்திய பொதுத்துறை ஆலைகள். அந்தக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், கண்காட்சி மாதம் நெருங்கினால் ஆலை வாசல் புல்வெளியில் யாரும் கால் வைக்க முடியாது. இதுபோக இகெபானா, காய்கறியில் சிற்பம், பூக்கோலம், போன்சாய் என்று தனித்தனிப் போட்டிகள். பெயர் கொடுப்பவர்களில் பெரும்பகுதி இல்லத்தரசிகள்.

பணம்? அதற்குத்தான் டிக்கெட். சந்தாவை மட்டும் நம்பிய 1836-க்கும் வாசலில் டிக்கெட் கிழிக்கும் இந்தக் காலத்துக்கும் இடையில் நடந்த மாற்றம் இதுதான். ஊரை விட்டுப் போகிறவன் சந்தாவை நிறுத்திவிடுவான். ஆனால் டிக்கெட் வாங்க ஒவ்வொரு வருஷமும் புது ஆள் வந்துகொண்டே இருப்பான், அவனுக்கு அத்தை சித்தப்பா வேறு. கண்காட்சிகளின் எண்ணிக்கை இப்போது 200-ஐத் தாண்டிவிட்டது. கரோனாவில் நின்றுபோய், 2022 ஆகஸ்டில் ராஜ்குமார்–புனித் ராஜ்குமார் நினைவாகத் திரும்ப நடந்தபோது சேர்ந்த கூட்டம் கொஞ்சநஞ்சமில்லை.

(சென்னைச் சங்கத்தின் இடத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள், தெரியாமலேயே. கதீட்ரல் சாலையில் அந்தச் சங்கத்திடமிருந்த நிலத்தில்தான் 1962-ல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் வந்தது. மரத்தடியில் காரை நிறுத்தி, கதவில் மாட்டிய தட்டில் போண்டா சாப்பிட்ட தலைமுறைக்குக் கண் கலங்கும். 2008-ல் அது மூடப்பட்டது, 2010-ல் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது.)

இவ்வளவு நேரம் சொன்ன பெயர்களில் ஒன்றுகூட மண்வெட்டி பிடித்தவருடையது இல்லை. அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

பெங்களூரின் பழைய தோட்டக்காரச் சமூகம் திகளர். வன்னிகுல க்ஷத்ரியர் என்று சொல்லிக்கொள்வார்கள். இவர்களில் ஒரு பெரும் பகுதியின் பூர்வீகம் தமிழ்ப் பக்கம். லால்பாக்குக்காக ஹைதர் அலி கூட்டிவந்தார் என்று ஒரு பேச்சு உண்டு, அதற்கும் முன்பே பேட்டையில் இருந்தார்கள் என்று இன்னொரு பேச்சு. எப்படியானாலும் கப்பனுக்கும் மன்றோவுக்கும் முந்தியவர்கள். காய்கறி, கீரை, பூ எல்லாம் இவர்கள் கையில்தான் விளைந்தன. சைத்ர பௌர்ணமி இரவில் தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும் பெங்களூர்க் கரகம் இவர்களுடையது. மல்லிகைப்பூவால் மூடிய கரகத்தைத் தலையில் ஏந்தி, கையால் தொடாமல் விடிய விடிய ஊரைச் சுற்றுவார்கள். வழியில் மஸ்தான் சாகிப் தர்காவிலும் நின்று போகும். கோயிலில் இருப்பது திரௌபதி. நம் வட ஆற்காடு, தென் ஆற்காடு ஊர்களில் தீமிதி நடக்குமே, அதே அம்மன்.

சென்னையில் வைட்டுக்குச் செடிகளை வரைந்து கொடுத்தவர்களில் கோவிந்து என்ற ஓவியர் ஒருவர். ஒரு ஆர்க்கிட் வகைக்கு வைட் 'கோவிந்தூயியா' என்று அவர் பெயரையே வைத்தார். லால்பாக்கில் அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் இறைத்த திகளருக்கு அப்படி எந்தப் பூவும் கிடைக்கவில்லை. மன்றோவுக்கு டிரான்ஸ்பர் வந்தது, கேமரூன் போய் கிரும்பிகல் வந்தார். 1932-ல் ஜவராயா பொறுப்புக்கு வந்து முதல் இந்தியத் தலைவரானார். பிறகு 1951-லிருந்து மரிகவுடா. இவர் பெரிய மனிதர். நம் தெருமுனை ஹாப்காம்ஸ் கடை 1959-ல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவாகத் தொடங்கியதற்குப் பின்னால் இருந்தவர் அவரே. இத்தனை பேர் மாறியபோதும் பாத்தியில் குனிந்திருந்த குடும்பங்கள் ஊரை விட்டுப் போகவில்லை. எங்கே போவார்கள்?

ஆனால் அவர்களுடைய சொந்தத் தோட்டங்கள் போய்விட்டன. அவற்றுக்குத் தண்ணீர் கொடுத்த ஏரிகள் முதலில் போயின. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில்தான் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட். நாம் எல்லாரும் முதன்முதலாகப் பெட்டியோடு வந்து இறங்கிய இடம். சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆனது. அந்த ஏரியில் ஒரு சின்னச் சதுரக் குளம் மட்டும் மிச்சம் இருக்கிறது, ஸ்டேடியத்தை ஒட்டி, கம்பி வேலிக்குள். கரகத்துக்கு முந்தைய சடங்குகளுக்குத் திகளர்கள் இன்றும் அந்தக் குளத்துக்கு வருகிறார்கள். அதற்காகத்தான் அதை விட்டுவைத்தார்கள்.