புள்ளிக்கு அப்பால் கேட்கப்பட்டது

அமெரிக்காவின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் எங்கள் பிள்ளைகள் பரீட்சைப் புள்ளிகளோடு தாங்கள் எழுதிய கதை, வரைந்த ஓவியம், மிருதங்கம் வாசித்த ஒலிப்பதிவு என்பனவற்றையும் அனுப்புகிறார்கள். "புள்ளி மட்டும் போதாதோ?" என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

ஒருகாலத்தில் பெரும்பாலும் போதும். ஹாவார்ட்டில் நுழைவுப் பரீட்சையில் தேறினால் இடம் கிடைத்தது. ரஷ்யப் பேரரசின் கலவரங்களுக்குத் தப்பி வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் அப்படித்தான் உள்ளே போனார்கள். 1922 இல் அங்கு ஐந்தில் ஒருவர் யூதர். பல்கலைக்கழகத் தலைவர் லோவெல் அவ்வாண்டு யூதருக்கு வெளிப்படையாகவே விகிதாசார எல்லை கேட்டார், எதிர்ப்புக் கிளம்பியது. 1926 இல் வேறு வழி கண்டார்கள்: மாணவரின் "குணநலன்" பார்ப்பது, புகைப்படம் கேட்பது. யூத மாணவர் தொகை விழுந்தது.

தரப்படுத்தலைக் கண்ட எங்களுக்கு இது விளங்காத கதையல்ல. 1970களில் இலங்கையில் வெட்டுப்புள்ளியை மாற்றினார்கள். இவர்களோ புள்ளிக்கு அப்பால் போனார்கள்.

ஆளை முழுதாகப் பார்ப்பது என்ற அந்த ஏற்பாடு பின்னாளில் எத்தனையோ மாறி, மற்றவர்களையும் உள்ளே விட்டது. கலைப்படைப்புக்கு இடம் கிடைப்பதும் அதனால்தான். அது பொதுவாகக் கட்டாயமில்லை. சில இடங்களில் அந்தத் துறைப் பேராசிரியர்களே பார்ப்பார்கள். ஆகவே அரங்கேற்ற ஒளிப்பதிவு முழுவதையும் அனுப்பவேண்டாம், நல்ல ஐந்து நிமிடத்தைப் பிள்ளையே தெரிவுசெய்யட்டும்.