ஆக்ரனில் ஒரு தொலைபேசி

1935 மே 11, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டயர் தொழிலுக்குப் பேர்போன ஆக்ரன் நகரம். மேஃப்ளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் பில் வில்சன் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருக்கிறார். நியூயார்க்கில் பங்குச் சந்தைத் தொழில் செய்தவர். ஒரு கம்பெனியின் நிர்வாகத்தைக் கைப்பற்ற இங்கே வந்தார்; அந்த முயற்சி தோற்றுவிட்டது. சட்டைப்பையில் சுமார் பத்து டாலர். கூடத்தின் ஒரு பக்கம் பார். அங்கிருந்து பேச்சும் சிரிப்பும் வருகின்றன. இன்னொரு பக்கம் தொலைபேசியும் உள்ளூர் சர்ச்சுகளின் பட்டியலும். அவர் குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகிறது.

குடியை விட விரும்புவோர் கூடிப் பேச இன்று உலகெங்கும் நடக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள், சுருக்கமாக ஏ.ஏ. மீட்டிங், அந்தத் தொலைபேசியடியில்தான் பிறந்தன என்பேன். ஏ.ஏ.யின் வழிமுறையான பன்னிரண்டு படிகளும் அதன் புத்தகமும் பிற்பாடு வந்தவை. பில் அப்போது தேடியது தன்னைப் போலவே குடியில் சிக்கிய இன்னொருவரை. அவரைத் திருத்துவதற்காகத் தேடவில்லை. தான் குடிக்காமல் இருப்பதற்காகவே தேடினார்.

அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1934 டிசம்பரில் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் குடியை விட்டது முதல், கண்ணில் பட்ட குடிநோயாளிகளையெல்லாம் பில் துரத்தித் துரத்திக் காப்பாற்றப் பார்த்தார். ஒருவர்கூடத் தேறவில்லை. அவர் சோர்ந்துபோனபோது மனைவி லோயிஸ், அவர்கள் தேறாவிட்டால் என்ன, நீங்கள் குடிக்காமல் இருக்கிறீர்களே என்றார். மருத்துவமனையில் அவரைக் கவனித்த டாக்டர் வில்லியம் சில்க்வொர்த் இன்னொன்று சொன்னார்: உபதேசத்தை விட்டுவிடு, இது உடம்பையும் மனதையும் பிடிக்கும் நோய் என்பதை முதலில் சொல்.

இந்த இரண்டு பேச்சையும் மனதில் வைத்துத்தான் பில் அந்தப் பட்டியலிலிருந்த பாதிரியார் வால்டர் டங்க்ஸுக்குப் போன் போட்டார். அவர் சில பெயர்கள் கொடுத்தார். ஒவ்வொருவராக அழைத்ததில், கடைசியில் ஹென்ரியெட்டா சீபர்லிங் என்ற பெண்மணி கிடைத்தார். குட்இயர் டயர் கம்பெனியை நிறுவியவரின் மருமகள். அவருடைய பிரார்த்தனைக் குழுவில் ஒரு டாக்டர் இருந்தார். அவர் குடியை விட வேண்டும் என்று எல்லோரும் வேண்டிக்கொண்டிருந்த நேரம் அது. முன்பின் தெரியாத ஒருவர், நானும் குடிகாரன், எனக்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று சொன்னதை அந்த அம்மா தட்டிக் கழிக்கவில்லை. உடனே வரச் சொன்னார். அந்த மனசு இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை.

அந்த டாக்டர்தான் பாப் ஸ்மித், அறுவை சிகிச்சை நிபுணர். மறுநாள் அன்னையர் தினம் என்பதால் மனைவி ஆனுக்கு ஒரு தொட்டிச் செடி வாங்கி வந்தார். வந்தவர் போதையில் விழுந்துவிட்டார். அதனால் சந்திப்பு ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் தள்ளிப்போனது. நடுங்கும் கையோடு வந்த பாப், கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று சொல்லியிருந்தார். இருவரும் எழுந்தபோது இரவு பதினொன்று தாண்டியிருந்தது. பில் தான் குடித்த கதையை மட்டும் சொன்னார். குடியைப் பற்றி பாப்புக்கு டாக்டர்களும் சொல்லியிருந்தார்கள், புத்தகங்களும் சொல்லியிருந்தன. பட்டவர் ஒருவர் சொல்லி அவர் கேட்டது அன்றுதான்.

அதோடு பாப் தேறிவிடவில்லை. மருத்துவர் மாநாட்டுக்காக அட்லாண்டிக் சிட்டி போனவர் மறுபடி குடித்துவிட்டுத் திரும்பினார். அறுவை சிகிச்சைக்குப் போகும் காலையில் கை நடுங்காதிருக்க பில்லே ஒரு பீர் கொடுத்தார். அதுதான் பாப் கடைசியாகக் குடித்தது. ஏ.ஏ. தன் பிறந்தநாளாக வைத்திருக்கும் ஜூன் 10 அதுவே. ஒருமுறை சறுக்கியவருக்குக் கூட்டத்தில் இன்றும் நாற்காலி இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

சில நாளில் இருவருமாக ஆக்ரன் சிட்டி மருத்துவமனைக்குப் போய், படுக்கையில் கட்டிப்போடப்பட்டிருந்த ஒரு வக்கீலிடம் தங்கள் கதையைச் சொன்னார்கள். அவர் ஏ.ஏ.யின் மூன்றாமவர். அவர் மருத்துவமனையில் இருந்ததைக் கவனிக்க வேண்டும். நாள்பட்டுக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கை நடுக்கம் உள்ளவர் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். கூட்டம் அதோடு சேர்ந்து வருவது.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னையில், குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் சிகிச்சையோடு ஏ.ஏ. கூட்டங்களுக்கும் வழிகாட்டுகிறது. இங்கே தமிழிலேயே பேசும் குழுக்கள் இருக்கின்றன. கட்டணம் இல்லை. முழுப்பெயர் சொல்ல வேண்டாம். குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி. முதல் நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம்.

நம் வீடுகளில் கூட்டம் எங்கே நடக்கிறது என்று முதலில் விசாரிப்பவர் பெரும்பாலும் மனைவி, இல்லாவிட்டால் அம்மா. அவர்களுக்கென்றே லோயிஸ் 1951இல் இன்னொருவரோடு சேர்ந்து அல்-அனான் என்ற அமைப்பைத் தொடங்கினார். குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டார் அங்கே போகலாம். அவருடைய சம்மதத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.