கணினிப் பெட்டித் திருகாணி

கணினிப் பெட்டித் திருகாணி என்பது மேசைக் கணினியின் பாகங்களை அதன் உலோகப் பெட்டியில் பொருத்துவதற்குப் பயன்படும் சிறு திருகாணி ஆகும். ஒரே கணினியில் அங்குல முறை, மெட்ரிக் முறை ஆகிய இரண்டின் திருகாணிகளும் கலந்து வருகின்றன. இவை பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைப் பயன்படுத்த இயலாது.

வகைகள்

6-32: இது அமெரிக்க அங்குல முறையைச் சேர்ந்தது. 6 என்பது பருமனைக் குறிக்கும் எண். 32 என்பது ஓர் அங்குல நீளத்தில் உள்ள மரைகளின் எண்ணிக்கை. விட்டம் ஏறத்தாழ 3.5 மி.மீ. மின்வழங்கி, 3.5 அங்குல வன்தட்டு ஆகியவற்றிலும், பெரும்பாலான பெட்டிகளில் விரிவாக்க அட்டை, பக்க மூடி ஆகியவற்றிலும் இது பயன்படுகிறது.

எம்3: இது மெட்ரிக் முறையைச் சேர்ந்தது. விட்டம் 3 மி.மீ.; மரைகளுக்கு இடையிலான தொலைவு 0.5 மி.மீ. குறுவட்டு இயக்கி, 2.5 அங்குல வன்தட்டு, அதே அளவுள்ள எஸ்.எஸ்.டி. ஆகியவற்றுக்கு உரியது.

பிற: எம்.2 வகை எஸ்.எஸ்.டி.க்குப் பெரும்பாலும் 2 மி.மீ. விட்டமுள்ள எம்2 திருகாணி தேவைப்படும். விசிறிக்கு நெகிழியில் தானே மரை வெட்டிச் செல்லும் தடித்த திருகாணி பயன்படும்.

இனங்காணல்

அளவுகோலை அருகில் வைத்து மரைகளை எண்ணலாம். 4 மி.மீ. நீளத்தில் 6-32 வகையில் ஏறத்தாழ 5 மரைகளும், எம்3 வகையில் 8 மரைகளும் இருக்கும். மின்வழங்கியின் பின்புறத் துளையைக் கொண்டும் சோதிக்கலாம். அதில் 6-32 திருகாணி கைவிரலாலேயே எளிதில் சுழன்று இறங்கும். எம்3 பிடிப்பின்றி ஆடும். 6-32 திருகாணியை எம்3 துளையில் திருப்புளியால் வலிந்து திருகினால் துளையின் மரை அழிந்துவிடும். நீளமும் முக்கியமானது. அளவுக்கு மிஞ்சிய நீளமுள்ள திருகாணி வன்தட்டின் உட்பகுதியைச் சேதப்படுத்தக்கூடும்.

தாய்ப்பலகைத் தூண்கள்

தாய்ப்பலகை பெட்டியின் உலோகத் தகட்டைத் தொடாதிருக்க, அதனைச் சிறு பித்தளைத் தூண்கள் தாங்குகின்றன. இவற்றின் மேல்துளை 6-32 ஆகவோ எம்3 ஆகவோ இருக்கலாம். எனவே பெட்டியுடன் வந்த திருகாணிகளையே பயன்படுத்த வேண்டும். துளைகளின் இடங்களை 1995இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். தரம் வரையறுக்கிறது. அதனினும் சிறிய பலகைகளில் துளைகள் குறைவு. பலகையில் துளையில்லாத இடத்தில் தூண் நின்றால், அது பலகையின் அடிப்புறப் பற்றவைப்புகளைத் தொட்டுக் குறுக்குச் சுற்றை உண்டாக்கும். கணினி இயங்காமற் போகலாம். பலகை பழுதாகவும் கூடும். ஆகையால் தூண்களைத் துளைகளோடு ஒப்பிட்டு, மிகுதியானவற்றை முதலிலேயே கழற்றிவிட வேண்டும்.

தமிழகத்தில் கிடைத்தல்

இந்தியா மெட்ரிக் முறையைப் பின்பற்றும் நாடாதலால், பொதுவான இரும்புக் கடைகளில் 6-32 கிடைப்பது அரிது. எம்3.5 திருகாணியும், பழைய மின்சாதனங்களில் காணப்படும் 4 பி.ஏ. திருகாணியும் ஏறத்தாழ அதே பருமன் கொண்டவை. எனினும் மரை வேறுபடுவதால் பொருந்தா. சென்னை ரிச்சி தெரு போன்ற கணினி உதிரிபாகச் சந்தைகளில் 6-32 கிடைக்கும். குமாரலிங்கபுரம் போன்ற சிற்றூர்களில் உள்ளோர், பழுதான கணினியின் மின்வழங்கியைப் பிடித்திருக்கும் நான்கு திருகாணிகளைக் கழற்றிப் பயன்படுத்தலாம்.