பசுமை மனிதவள மேலாண்மை (உள்ளாட்சி)

ஊழியர் தேர்வு, பயிற்சி, பணி மதிப்பீடு, ஊக்கத்தொகை ஆகியவற்றில் சுற்றுச்சூழல் நோக்கங்களை இணைக்கும் நிர்வாக முறை. வால்டர் வேமேயர் தொகுத்து 1996இல் வெளிவந்த ‘கிரீனிங் பீப்பிள்’ இத்துறையின் முன்னோடி நூல்களுள் ஒன்று. ரென்விக், ரெட்மன், மக்வயர் ஆகியோரின் 2013ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை இதனை ஊழியரின் திறன், ஊக்கம், வாய்ப்பு என்னும் மூன்று கூறுகளில் விளக்கியது.

குப்பை அகற்றல், குடிநீர், தெருவிளக்கு, கட்டட அனுமதி என உள்ளாட்சியின் அன்றாடப் பணிகளே சூழலைப் பாதிப்பவை. ஆகவே துப்புரவுப் பணியாளர் முதல் ஆணையர் வரை அனைவரின் செயல்பாடும் கணக்கில் வருகிறது. 1992இல் ரியோவில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டின் ‘செயல்திட்டம் 21’ உள்ளாட்சிகளுக்கெனத் தனி அத்தியாயம் (28) ஒதுக்கியது. நார்வேயின் ஆஸ்லோ மாநகராட்சி 2017 முதல் நிதிநிலை அறிக்கையுடன் காலநிலை வரவுசெலவுத் திட்டத்தையும் இணைத்து, உமிழ்வுக் குறைப்புப் பணிகளுக்கு அந்தந்தத் துறையைப் பொறுப்பாக்குகிறது.