ஓடுகின்றவன் முதுகு

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் சில வரப்புகளைத் தாண்டினால் தென்னாற்காடு. அங்கே ஆங்கிலேயர் சட்டம். கொள்ளையடித்து எல்லை கடந்தவனை இப்பக்கத்துச் சிப்பாய் துரத்திச் சென்று பிடிக்க இயலாது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறிற்று. ஆயினும் இந்தியத் தண்டனைச் சட்டமும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இங்கு நடைமுறைக்கு வந்தது 1963 அக்டோபர் 1 அன்றுதான்.

கைதுக்கு இணங்காமல் எதிர்ப்பவனையோ தப்பியோடுபவனையோ பிடிக்கத் தேவையான எல்லா வழிகளையும் காவலர் கையாளலாம் என்றது நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவனின் உயிரைப் போக்க மட்டும் அது இடந்தரவில்லை. மேலோட்டமாக நோக்கின் கருணையுள்ள சட்டம். ஆனால் ஐவர் கூடிக் கொள்ளையடித்தாலே ஆயுள் தண்டனை விதிக்கலாம் என்றது தண்டனைச் சட்டத்தின் 395ஆம் பிரிவு. ஆகவே கொள்ளைக் கூட்டத்தான் ஓடும்போது அவனுடைய முதுகு அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறது.

நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ஷாஃபிஈ ஃபிக்ஹு இவ்விடத்தில் இன்னும் இறுக்கமானது. தாக்க வருபவனை 'ஸாயில்' என்பர். சொல்லால் தடுக்க முடிந்தால் கை ஓங்கலாகாது. கையால் முடிந்தால் கோல் ஆகாது. உறுப்பைச் சேதப்படுத்தித் தடுக்க முடிந்தால் கொலை ஆகாது. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இவ்வரிசையைக் காணலாம். ஓடுகின்றவன் காலைக் குறிபார்த்துச் சுடுவது எளிதன்று என்பது காவலர் வாதம். மெய்தான், குறிதிறன் பயிற்சி வேறெதற்கு?

ஹிஜ்ரி 36இல் (656) ஜமல் போரில், புறங்காட்டி ஓடுவோரைத் துரத்த வேண்டாம், காயமுற்றோரைக் கொல்ல வேண்டாம் என்று அலீ (ரலி) அவர்கள் ஆணையிட்டார்கள். அது கிளர்ச்சியாளர் பற்றியது. வழிப்பறிக்காரரைத் துரத்துவதில் இமாம்களிடையே வேறு கருத்துகளும் உண்டு என்பதை மறைக்கலாகாது. ஆனால் துரத்திப் பிடிப்பது வேறு, துரத்திக் கொல்வது வேறு என்பதே என் துணிபு.

2014 செப்டம்பர் 23இல் உச்ச நீதிமன்றம், காவலர் சுட்டு உயிர் போனால் பின்பற்ற வேண்டிய 16 நெறிகளை வகுத்தது. வழக்குப் பதிய வேண்டும். சுதந்திரமான விசாரணை வேண்டும். சுட்டவருக்கு உடனடியாக வீர விருதோ பதவி உயர்வோ கூடாது. ஏழு மாதம் கழியவில்லை. 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவலர் சுட்டு 20 பேர் மாண்டனர். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்தார். கோடரியாலும் கல்லாலும் தாக்கினர் என்றது காவல்துறை.

2024 ஜூலை 1 முதல் 46ஆம் பிரிவு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவாயிற்று. வில்லியனூரிலும் பாகூரிலும் இன்று செல்லுபடியாவது அதுவே. எண் மாறிற்று, தப்பியோடுபவன் பற்றிய விதி மாறவில்லை.